மூடிக்குள் ஒட்டியிருந்த சீட்டு

அன்புள்ள தம்பிக்கு,

இன்று பிற்பகல் இரண்டரை மணிக்கு நம் முன்னறையில் இருந்தவர்கள்: நான், பல்லேபொலவிலிருந்து வந்த ஒரு முஸ்லிம் நானா, அவருடைய மனைவி. மூன்று பேர். உங்கள் அண்ணன் கராம்பு ஸ்டோரில் வேலையில் இருந்தார். மகள் டியூஷனுக்குப் போயிருந்தாள். வேறு யாரும் இல்லை. அங்கே பேசப்பட்டதைக் கேட்டவர்கள் இவர்கள்தான் என்று உங்களுக்குச் சரியாகத் தெரிய வேண்டும். அதனால்தான் முதலில் இதை எழுதுகிறேன்.

நாளை சூசையப்பர் திருநாள். பூசை முடிந்ததும் தொழிலாளிகள் தங்கள் ஆயுதங்களைப் பீடத்துக்கு முன்னால் வைப்பார்கள், சாமியார் மந்திரிப்பார். பலகை அறுக்கும் உங்கள் வாள்பெட்டியையும் கொண்டுபோக வேண்டும் என்று காலையில் அண்ணன் சொல்லிவிட்டுப் போனார். கட்டிலுக்கடியிலிருந்து அதை இழுத்து முன்னறையில் வைத்துத் திறந்தேன். ரப்பரும் தின்னரும் கருகிய பலகைத்தூளும் கலந்த அந்த வாசனை வந்தது. நீங்கள் போய் மூன்று மாதம் ஆகிறது. சட்டைகளில் இருந்த வாசனை போய்விட்டது. பெட்டியில் மட்டும் இருக்கிறது. சட்டென்று மூடினால் மிச்சமிருக்கும் என்று நினைத்து மூடப்போனபோதுதான் வாசலில் சத்தம் கேட்டது.

"பாஸ் ஈக்கிறாரா? கத்தார் பாஸ்?"

தொப்பி போட்ட, நரைத்த தாடிக்காரர். கையில் அளவு எழுதிய காகிதம். குசினிக்கு அலுமாரி செய்ய வேண்டுமாம். "வெளிய வந்தா மொத வேல ஒங்கட ஊட்டுலதான்டு எனக்கு வாக்குத் தந்தவர்" என்று சிரித்தார். சுவரைக் காட்டினேன். உங்கள் படத்தில் கிடந்த மாலையைப் பார்த்ததும் அவர் சிரிப்பு பாதியில் நின்றது. "இன்னாலில்லாஹி..." என்று மெல்லச் சொல்லி, வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டார். அவர் மனைவி உள்ளே வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார்.

இரண்டு பேருக்கும் பிளேன்டீ கொடுத்தேன். நானா குடிக்கவில்லை. திறந்திருந்த பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தவர், மூடியின் உள்பக்கம் ஒட்டியிருந்த சீட்டைக் கண்டு எழுந்து வந்தார். குனிந்து, உதடு அசைய, மூன்று வரியையும் படித்தார்.

"இது எப்படி இங்க ஈக்கி?" என்று என்னைக் கேட்டார். "இதத்தானே அவங்க பைலுக்குள்ள வெச்சிக்கிட்டாங்க?"

தம்பி, அதற்குப் பிறகு அவர் சொன்னதை எழுதுவதற்கு முன்னால் பழையதை வரிசைப்படி எழுதிக்கொள்கிறேன். வரிசை தப்பினால் எனக்கு எதுவும் பிடிபடாது.

நீங்கள் கத்தாரிலிருந்து வந்தது ஒரு கிறிஸ்மஸுக்கு. வருகிறவர்கள் எல்லாரும் டீவி கொண்டுவருவார்கள், கம்பளி கொண்டுவருவார்கள். நீங்கள் ஒரு கரண்ட் வாளும், இடுப்புக்கு மேல் உயரமாக இரண்டு அலுமினியச் சட்டமும் கொண்டுவந்தீர்கள். ரெயில் என்று சொன்னீர்கள். அண்ணன் அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"ஆறு வருஷம் வெயில்ல காஞ்சு, ரெயில் பாதையாடா வாங்கிட்டு வந்த?"

"கோச்சி பின்னால வருதுண்ணே. கொஞ்சம் பொறுங்க."

பின்கொல்லையில் தகரம் போட்டு வேலை தொடங்கினீர்கள். மறுமுனையில் பலகையைத் தாங்க ஆள் வேண்டியிருந்தது. அண்ணன் ஸ்டோருக்குப் போய்விடுவார், மகள் பள்ளிக்கூடம். நான்தான் மிச்சம். முதல் நாள் எனக்குக் காட்டினீர்களே, ரெயிலின் விளிம்பில் நீளத்துக்கு ஒரு கறுப்பு ரப்பர் பட்டி. புதிதில் அது வேண்டியதைவிட அகலமாக இருக்கும். வாளை ரெயில்மேல் வைத்து ஒரு தடவை ஓட்டினால், பிளேட்டின் பல் எங்கே போகிறதோ சரியாக அந்த இடத்தில் ரப்பரை அறுத்துவிடும். அதற்குப் பிறகு அளக்க வேண்டாம், கணக்குப் போட வேண்டாம். பென்சில் கோட்டில் ரப்பரின் ஓரத்தை வைத்து அழுத்தி ஓட்டினால் வெட்டு அந்தக் கோட்டிலேயே விழும். ரப்பர் பலகையின் தோலை அமுக்கிப் பிடித்திருப்பதால் ஒரு சிலும்பு எழும்பாது. நீங்கள் வெட்டிய ஓரத்தில் விரலை ஓட்டிப் பார்த்து எனக்கு ஆச்சரியமாக இருந்தது. நற்கருணை அப்பத்தின் ஓரம் போல இருந்தது. அதைச் சொல்லவும் பயமாக இருந்தது, சொல்லாமலும் இருக்க முடியவில்லை.

ஆனால் அந்த ரப்பர் தன்னை அறுத்த பிளேட்டுக்கு மட்டும்தான். தடித்த பல் உள்ள பிளேட்டைப் போட்டால் ரப்பரை இன்னும் தின்றுவிடும். மெல்லிய பல் உள்ளதைப் போட்டால் ரப்பருக்கும் வெட்டுக்கும் நடுவே இடைவெளி விழும். கோடும் தப்பும், ஓரமும் பிய்யும். உங்களிடம் இருந்தது இரண்டு பிளேட். பல்லை எண்ணினால் இரண்டிலும் நாற்பத்தெட்டு. தடிப்பில்தான் வித்தியாசம், அதுவும் கண்ணுக்குத் தெரியாத வித்தியாசம். அதனால் ஒவ்வொரு பிளேட்டுக்கும் ஒரு ரெயில் வைத்தீர்கள். மகளின் கியூடெக்ஸ் போத்தலை எடுத்து, தடித்த பிளேட்டுக்கும் அதன் ரெயிலுக்கும் சிவப்புப் பொட்டு, மெல்லியதற்கு ரோஸ் பொட்டு.

"சித்தப்பா, என் கியூடெக்ஸ் பாதி முடிஞ்சிருச்சு."

"ஒன் கையவிட என் ரெயிலுக்குத்தாண்டி கலியாணம் சீக்கிரம் நடக்கும்."

"ரப்பர் பொய் சொல்லாது அண்ணி" என்று அன்றைக்குச் சொன்னீர்கள். "நாமதான் பிளேட்ட மாத்திப் போட்டுட்டு ரப்பரத் திட்டுவோம்."

உங்களுக்கு வெட்டு வரும், எழுத்து வராது. அளவுகளை நான் எழுதினேன். தோட்டத்துப் பள்ளியில் ஐந்தாம் வகுப்போடு நின்றவள் நான். மீதியை ஜெபப் புத்தகத்திலும், பாண் ரொட்டி சுற்றி வந்த பேப்பரிலும் எழுத்துக்கூட்டிப் படித்தேன். திருத்த ஆள் இல்லாததால் என் எழுத்துக்கு நானே சட்டம். எதை எழுதினாலும் மேலே ஒரு சிலுவை போடுவேன். நீளமான சொல் என்றால் முதல் எழுத்தை மட்டும் வைப்பேன். தேங்காய் எண்ணெய் என்றால் தே.எ. கொம்பு எழுத்துகளில் நுனியை உள்ளே சுருட்டுவேன். வீட்டுக் கணக்குக் கொப்பியைப் புரட்டிவிட்டு, "கணக்குப்புள்ள அண்ணி, இத தொரைமாரு வந்தாலும் வாசிக்க மாட்டாங்க" என்று கேலி செய்தீர்கள். எனக்கு உள்ளூரப் பெருமையாக இருந்தது.

பஸ்ஸில் ரெயிலைக் கொண்டுபோவது பெரும்பாடு. படுக்கை விரிப்பில் நீளமாகச் சுற்றிய சாமானோடு ஒரு தமிழ் ஆள் பஸ் ஏறினால் பக்கத்துச் சீட்டுக்காரன் எழும்பிப் போய்விடுவான். ஒவ்வொரு சோதனைச் சாவடியிலும் இறங்கி, விரித்துக் காட்டி, மறுபடி சுற்ற வேண்டும். ஒருநாள் ஒரு சின்ன வயது ஆமிக்காரன் ரெயிலைத் தோளில் வைத்து ஒற்றைக் கண்ணால் குறி பார்த்தானாம். "நேராத்தான் இருக்கா மாத்தயான்னு கேட்டேன் அண்ணி. ஆமான்னான். அப்ப வேலைக்கு ஆகும்னு சொன்னேன், சிரிச்சிட்டான்." நீங்கள் நடித்துக் காட்டியபோது நாங்களும் சிரித்தோம். அண்ணன் மட்டும் சிரிக்கவில்லை. "சிரிக்கிறவன் எல்லா நாளும் டியூட்டில நிக்க மாட்டான்" என்றார்.

அதற்கடுத்த சூசையப்பர் திருநாளுக்கு முதல்நாள் நான் உங்கள் பெட்டியைத் துப்புரவாக்கினேன். நீங்கள் கேட்கவில்லை. உங்களுக்கு மகிழ்ச்சியாக இருக்கட்டும் என்று நானாகச் செய்தேன். தின்னரில் துணியை நனைத்து பிளேட்டில் பிடித்திருந்த பிசினையெல்லாம் துடைத்தேன். சிவப்புப் பொட்டும் ரோஸ் பொட்டும் எனக்குத் தெரியாமல் போனவை அல்ல. பீடத்துக்கு முன்னால் போகிற பொருளில் நகப்பூச்சா என்று மனம் ஒப்பவில்லை. அதையும் துடைத்தேன். பிளேட் இரண்டும் கண்ணாடி மாதிரி மின்னின. கோவிலில் சாமியார் தீர்த்தம் தெளித்தபோது மற்றவர்களின் துருப்பிடித்த கோடரி, அலவாங்குக்கு நடுவே உங்கள் பெட்டிதான் பளிச்சென்று இருந்தது.

மறுநாள் கலேவெல வீட்டுக்கான தேக்குத் தோல் ஒட்டிய பலகையை மேசையில் ஏற்றினோம். உங்களுக்கு வந்த வேலைகளில் அதுதான் பெரியது. ஓய்வுபெற்ற ஒரு சிங்கள வாத்தியார் மாத்தயா, புது வீட்டுச் சமையலறை முழுவதையும் உங்களை நம்பிக் கொடுத்திருந்தார். ரெயிலை வைத்தீர்கள், வாளை ஓட்டினீர்கள். ஒரு முழம் போனதும் சத்தம் மாறியது எனக்கே கேட்டது. ரப்பரிலிருந்து கறுப்பு நூல் மாதிரி ஒன்று சுருண்டு கீழே விழுந்தது. வாளை நிறுத்திவிட்டு அந்த நூலை எடுத்துப் பார்த்தீர்கள். பிறகு பிளேட்டைத் திருப்பித் திருப்பிப் பொட்டைத் தேடினீர்கள்.

"யாரு தொடைச்சது?"

"நான்தான் தம்பி."

உங்களுக்குக் கோபம் வந்தது, எனக்குத் தெரியும். காது சிவந்துபோனது. அப்புறம் சொன்னீர்கள்: "சாமிக்குப் பளபளன்னுதான் இருக்கணும் அண்ணி. ரப்பருக்குத்தான் பாவம்."

மாற்று ரப்பர் ஒரே ஒரு துண்டு கத்தாரிலிருந்து கொண்டுவந்திருந்தீர்கள். அதை ஒட்டி, மெல்லிய பிளேட்டால் புதிதாக அறுத்தீர்கள். இனி இல்லை, இதுவும் பிழைத்தால் வாளோடு சும்மா இருக்க வேண்டியதுதான். இன்னொரு தடவை இப்படி நடக்கக் கூடாது என்றுதான் நான் அந்தச் சீட்டை எழுதினேன். கியூடெக்ஸ் அழியும், எழுத்து அழியாது என்று நினைத்தேன். ரெயிலில் ஆணியால் ஒன்றில் வெறும் வட்டமும் மற்றதில் குறுக்குக்கோடு போட்ட வட்டமும் கீறினோம். வீட்டுக் கணக்குக் கொப்பியின் கடைசித் தாளில் அரைவாசியைக் கிழித்து, மேலே சிலுவை போட்டு, மூன்று வரி எழுதினேன்.

முதல் வரி: வெறும் வட்டம், 2.2, 48, த. ரெயிலின் குறி, தடிப்பு மில்லிமீட்டரில், பல், தடித்த பிளேட்.

இரண்டாம் வரி: கோடு போட்ட வட்டம், 1.8, 48, மெ. மெல்லியது.

மூன்றாம் வரி: வெ. 3.00 நிறுத்து.

அது தபசுகாலம். வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு, ஆண்டவர் உயிர்விட்ட நேரத்தில், நம் வீட்டில் கை வேலையை நிறுத்தி ஒரு நிமிடம் முழந்தாளில் நிற்போம். வாள் சத்தத்தில் உங்களுக்கு மணி தெரியாது. நான் உள்ளே ஜெபிக்க, நீங்கள் வெளியே பலகையை அறுத்துக்கொண்டிருப்பீர்கள். அதை ஞாபகப்படுத்தத்தான் அந்த வரி.

"பிளேட்டுக் கணக்குல ஆண்டவரையும் சேத்துட்டீங்களா?" என்று சிரித்துக்கொண்டே மூடிக்குள் ஒட்டினீர்கள்.

அடுத்த வெள்ளிக்கிழமை கலேவெலவுக்குப் போனீர்கள். எட்டு மணி பஸ்ஸில் போவதாக இருந்தது. முந்திய பஸ்ஸில் கூட்டம் இல்லை என்று அண்ணன்தான் ரோட்டில் நின்று கையைக் காட்டி அதை நிறுத்தி, ரெயிலைத் தூக்கிக் கொடுத்து உங்களை ஏற்றிவிட்டார். மூன்று மணிக்கு நான் முழந்தாளில் நின்றேன். நாலு மணிக்குக் கலேவெல மாத்தயா போன் எடுத்து, "பாஸ் ஏன் வரவில்லை?" என்று கேட்டார்.

சாவடியில் இறக்கி உங்களைப் பிடித்துக்கொண்டு போயிருந்தார்கள். எட்டு மாதம். அண்ணனுக்கு இரண்டு தடவை உங்களைப் பார்க்க விட்டார்கள். இரண்டு தடவையும், "ஐடென்டி கார்ட்ல நம்பர் பிழையாம், சரியாயிரும்" என்றுதான் சொன்னீர்களாம். கலேவெல மாத்தயா இரண்டு முறை நேரில் போய் நீங்கள் தன்னுடைய வேலைக்குத்தான் வந்தீர்கள் என்று சொன்னார். அந்த மனிதருக்காக நான் இன்றும் ஜெபிக்கிறேன்.

நீங்கள் திரும்பி வந்தபோது பெட்டியும் வந்தது, ஒரு ரெயில் வளைந்திருந்தது. உங்கள் வலது கையின் இரண்டு விரல் மடங்கவில்லை. நாங்கள் கேட்கவில்லை, நீங்கள் சொல்லவில்லை. நான் சோறு போட்டால் தட்டைப் பார்த்தே சாப்பிட்டுவிட்டுப் போனீர்கள். முன்பு போலக் கேலி இல்லை. கணக்குப்புள்ள என்று ஒருநாளும் கூப்பிடவில்லை. எனக்குள்ளே ஒன்று அரித்துக்கொண்டே இருந்தது. இரண்டு கிழமை பொறுத்து, பின்கொல்லையில் நீங்கள் தனியாக இருந்தபோது கேட்டேன்.

"தம்பி, உண்மையச் சொல்லுங்க. என் சீட்டாலயா?"

நீங்கள் என் முகத்தைப் பார்க்கவில்லை. பெட்டியை இழுத்துத் திறந்து மூடியைக் காட்டினீர்கள். சீட்டு அதே இடத்தில் ஒட்டியிருந்தது. சிலுவை, வட்டம், வெ. 3.00.

"பெட்டியிலதானே இருக்கு அண்ணி. பிரச்சினைன்னா திருப்பிக் குடுப்பாங்களா?"

எனக்கு நியாயமாகப் பட்டது. அன்றைக்குத்தான் எட்டு மாதத்துக்குப் பிறகு முழுதாகத் தூங்கினேன். அந்தத் தூக்கத்தை நீங்கள் எனக்குச் செய்து கொடுத்தீர்கள் என்பது இன்று பிற்பகல்தான் தெரிந்தது.

இடையில் இன்னொன்று நடந்தது. எனக்குக் காய்ச்சல் வந்து நான்கு நாள் படுத்திருந்தபோது, மகள் ஒரு சாமான் சீட்டைக் கொண்டுவந்து காட்டினாள். "அம்மா, இவ்வளவு காய்ச்சலோட எப்ப எழுதினீங்க?" தே.எ., ப.மி., ம.தூள். என் சிலுவை, என் கொம்பு. எழுதிய ஞாபகம் எனக்கு இல்லை. காய்ச்சலில் மறந்திருப்பேன் என்று விட்டுவிட்டேன்.

அதற்குப் பிறகு நீங்கள் வாளைத் தொடவில்லை. சின்னச் சின்ன ஆணி வேலை, கதிரைக்குக் கால் போடுவது, அவ்வளவுதான். அடுத்த வருடம், கிறிஸ்மஸுக்கு முந்திய திருவருகைக் காலத்தின் இரண்டாம் ஞாயிறு காலையில் பூசைக்கு எழுப்பப் போனேன். எழும்பவில்லை. தூக்கத்திலேயே நெஞ்சு நின்றுவிட்டது என்றார்கள்.

இனி, உள்ளே உங்களோடு ஒரே அறையில் இருந்த நானா சொன்னது.

"அவங்க கேட்டது ஒண்டுதான் தங்கச்சி. இத எழுதின ஆள் ஆரு? வெள்ளிக்கெழம மூணு மணிக்கு எங்க, என்னா நடக்கப் போற? அதுதான். நான்தான் எழுதினேன்டு இவர் செல்லுவார். அப்ப எழுதிக் காட்டுண்டு செல்லுவாங்க. இவர் எழுதினா கோழி கிண்டின மாதிரி ஈக்கும். இது அந்த எழுத்து இல்லண்டு..." அவர் மனைவி என் கையை விடவில்லை.

"மூணு மணிக்கு என்னாண்டு கேட்டா, இயேசு செத்த நேரம்ண்டு செல்லுவார். பகிடி பண்றார்ண்டு நெனச்சி அதுக்கு வேற விழும். நான் செல்லுவேன், பாஸ், வேற ஏதாச்சும் செல்லுங்களேன்ண்டு. வேற ஒண்டும் இல்லயே நானா, உண்ம அதுதானேண்டு செல்லுவார்."

என்ன நடந்தாலும் எழுதியவர் யார் என்று நீங்கள் சொல்லவில்லை. சொன்னால் மறுநாளே இந்த வாசலில் ஜீப் நிற்கும் என்று உங்களுக்குத் தெரியும். அதற்குப் பதிலாக, தம்பி, நீங்கள் என் எழுத்தைப் போலவே எழுதப் பழகிக்கொண்டீர்கள்.

"செவத்தில கரிக்கட்டயால எழுதுவார். எழுதி, அழிச்சி, திரும்ப எழுதுவார். அந்தச் சீட்ட விசாரணைல காட்டுற நேரம் பாத்து வெச்சிக்கிட்டு வந்து எழுதுவார். நானா, இது பொம்பள எழுத்து மாதிரி வருதாண்டு என்னக் கேப்பார். கொம்ப இன்னும் உள்ளுக்குச் சுருட்டணும்ண்டு அவரே செல்லிக்குவார். நான் சிரிப்பேன். ஆருட எழுத்து பாஸ், சம்சாரமாண்டு கேட்டேன். இல்ல நானா, எங்கட அண்ணி, தானாப் படிச்சவங்க, ரொம்ப கஷ்டமான கையெழுத்துண்டு செல்லிச் சிரிச்சார். விரல் ரெண்டும் மடங்காத நேரம் அது. ஒருநாள் எழுதிக் காட்டினார், ரெண்டும் ஒண்டாப் போச்சி. அதுக்குப் பொறகுதான் அந்தக் கலேவெல மாத்தயாட பேச்சயும் நம்பினாங்க."

அடுத்து நானாவின் மனைவிதான் பேசினார். "ஒங்கட பேர அவர் ஒருக்காவும் வாயால எடுக்கல்லயாம் தங்கச்சி. அண்ணி அண்ணிண்டுதானாம். பேர் தெரிஞ்சா இவருக்கும் ஆபத்தாம்ண்டு."

நான் நானாவிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டேன். "இத எனக்கோ அவரு அண்ணனுக்கோ சொல்லக் கூடாதுன்னு சொன்னாரா?"

"செல்லுங்கண்டும் செல்லல்ல, செல்லாதீங்கண்டும் செல்லல்ல. நான் செல்லக் கூடாதத செல்லிட்டேனா?"

அவர்கள் போன பிறகு அந்த வருடத்துக் கணக்குக் கொப்பியைத் தேடி எடுத்தேன். எதையும் நான் எறிகிறவள் அல்ல. கடைசித் தாளின் கிழிபடாத பாதி அப்படியே இருந்தது. மூடியில் ஒட்டியிருந்த சீட்டைச் சுடுநீர்த் துணியால் நனைத்து மெல்ல உரித்தேன். கொப்பியை விரித்து, கிழிந்த ஓரத்தோடு அதன் ஓரத்தை வைத்துப் பார்த்தேன். நீங்கள் பென்சில் கோட்டில் ரப்பரை வைப்பதுபோல, மூச்சைப் பிடித்துக்கொண்டு வைத்தேன்.

சேரவில்லை. நான் கிழித்தது நடுவில் ஒரு பல் போலத் துருத்திக்கொண்டு கிழிந்திருக்கிறது. உங்கள் சீட்டின் ஓரம் கத்திரிக்கோலால் நேராக வெட்டியது. காய்ச்சல் நாளில் வந்த அந்தச் சாமான் சீட்டைப் போலவே, எழுத்தில் ஒரு புள்ளி பிழையில்லை. 2.2, 1.8, இரண்டு வட்டம். ஓரத்தை மட்டும் உங்களால் பொய்யாக வெட்ட முடியவில்லை. எதை வெட்டினாலும் நேராகத்தான் வெட்டியிருக்கிறீர்கள்.

இப்போது உரித்த சீட்டை ஜெபப் புத்தகத்துக்குள் வைத்திருக்கிறேன். மூடியில் அதன் அளவுக்கு வெளுத்த ஒரு கட்டம் தெரிகிறது. அண்ணன் வந்தால் கேட்பார்.

அண்ணனைப் பற்றித்தான் இந்தக் கடிதம். நீங்கள் பிடிபட்ட நாள் தொடக்கம் அவர் தனக்குள் ஒன்றையே சொல்லிக்கொண்டிருக்கிறார். "நான்தான் பஸ்ஸ நிப்பாட்டினேன். எட்டு மணி பஸ்ஸுக்கு வேற ஆள் டியூட்டில இருந்திருப்பான். சும்மா நின்னவன நானே ஏத்திவிட்டேன்." சோற்றைப் பிசைந்துகொண்டே சொல்வார். நீங்கள் திரும்பி வந்த பிறகும் நிறுத்தவில்லை, போன பிறகு இன்னும் கூடிவிட்டது. மூன்று மாதமாக அவர் நற்கருணை வாங்கவில்லை. தம்பியைக் கொடுத்தவன் எந்த வாயால் வாங்குவது என்கிறார். நான் அவருக்கு ஆறுதல் சொல்லியிருக்கிறேன், தம்பி. "ஐடென்டி பிரச்சினைக்கு நீங்க என்ன செய்வீங்க?" என்று, நீங்கள் எனக்குக் கொடுத்த பொய்யை அவருக்கு எடுத்துக் கொடுத்து ஆறுதல் சொல்லியிருக்கிறேன்.

நாளைத் திருநாளுக்காக இன்று மாலை ஆறரைக்குப் பாவசங்கீர்த்தனத்துக்குப் போகப் போகிறார். காலையில் சொல்லிவிட்டுத்தான் போனார். தான் செய்யாத ஒன்றை, என் கை செய்ததை, தன் பாவமாக நினைத்துக் கொண்டுபோய்ச் சாமியாரின் காதில் சொல்லப் போகிறார்.

போவதற்கு முன்னால் உண்மையைச் சொல்லிவிடலாம். சொன்னால் அவர் தோளிலிருந்து அது இறங்கும். ஆனால் உங்கள் விரல் போனதும் நெஞ்சு கெட்டதும் தன் மனைவியின் மூன்று வரியால் என்பது அதற்குப் பதிலாக ஏறும். அதோடு அவர் என்னை எப்படிப் பார்ப்பார் என்று எனக்குத் தெரியாது. அந்தப் பயமும் இருக்கிறது, மறைக்கவில்லை. சொல்லாமல் இருந்தால், நீங்கள் எனக்காக ஒட்டிய பொய்யின்மேல் நான் ஏறி உட்கார்ந்திருக்க, அவர் முழந்தாளில் நிற்பார்.

எனக்கு மன்னிப்பு வேண்டும் என்று கேட்டு இதை எழுதவில்லை. அதை நீங்கள் சுவரில் கரிக்கட்டையால் எழுதி எழுதி முடித்துவிட்டீர்கள். அதை நான் சாகும்வரை சுமப்பேன். இன்று கொப்பியில் எழுதும்போதும் கொம்பைச் சுருட்ட வந்த கை ஒவ்வொரு முறையும் நின்றுவிடுகிறது.

கேட்பது ஒன்றுதான். என் பெயரை நீங்கள் மறைத்தது அவர்களிடமிருந்து மட்டுமா, அண்ணனிடமிருந்தும்தானா? அது தெரிந்தால் போதும், நான் அதன்படி செய்வேன்.

இப்போது மணி ஐந்து அடித்துவிட்டது. அண்ணனின் பஸ் ஆறு மணிக்கு வரும். சீக்கிரம் பதில் சொல்லுங்கள், தம்பி.

உங்கள் அண்ணி